கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை?



பெரட்டுக்குப் போகுமுன் முகம் கழுவலாம் என்று குழாயைத் திறக்கிறோம். 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வருகிறது. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு கை தண்ணீர் வருகிறது. அதோடு சரி. பக்கத்து லயத்தில் மட்டும் வாளி நிரம்பும் ஓசை கேட்கிறது. நம்மில் பலருக்கு இது பழகிப்போன காலை வேளைதான். அப்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் குழாயின்மேல் போவதில்லை. நமக்கு முந்திய வீட்டுக்காரர்மேல் போகிறது.

குழாய்த் தொடரில் கோளாறு ஏற்பட்டால் அதை எப்படிச் சோதித்துக் கண்டுபிடிப்பது, கண்டபின் எப்படிப் பழுதுபார்ப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு வாளி, ஒரு கைக்கடிகாரம், பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று, இவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே நாங்கள் போயிருந்தபோது பன்னிரண்டு வீடுகளில் நம்மவர்கள் குடியிருந்தார்கள். ஆறு ஆறாக இரண்டு லயங்கள். மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஓர் அங்குல இரும்புக் குழாய் மேல் லயத்தின் பின்புறமாக வந்து, டிராக்டர் போகும் மண்சாலையையும் அதன் ஓரத்துச் சாக்கடையையும் கடந்து, சற்றுத் தாழ்வாக இருக்கும் கீழ் லயத்துக்குப் போகிறது. காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் தொட்டியின் வால்வைத் திறந்துவிடுவார்கள். மேல் லயத்து ஆறு வீடுகளுக்கும் தண்ணீர் வந்தது. ஏழாம் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீடு வரைக்கும் நூல் போலத்தான் வந்தது.

ஆறாம் வீட்டு அம்மா மூன்று டிரம் வைத்து நிரப்புகிறார். போதாததற்குச் சலவை இயந்திரம் வேறு வாங்கியிருக்கிறார். எல்லாத் தண்ணீரையும் அவரே பிடித்துக்கொள்கிறார் என்பது கீழ் லயத்தின் தீர்ப்பு. இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் வைக்கும்போதுகூட அவர் அடுப்பை மூட்டிய இடத்திலிருந்து மற்றவர்கள் தள்ளிப் போய் அடுப்பு மூட்டினார்களாம். "நான் என்ன சார், குழாயைத் தூக்கி இடுப்பிலயா சொருகிக்கிட்டேன்?" என்று அந்த அம்மா எங்களிடம் கண் கலங்கக் கேட்டார்.

இதற்கிடையில் கீழ் லயத்துக் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து உடம்பில் தண்ணீர் ஏற்ற வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் பற்றாக்குறை ஒரு தொல்லை, குழந்தைகளின் நோய் வேறொரு தொல்லை என்றே அங்கிருந்தவர்கள் எண்ணியிருந்தார்கள். எங்களோடு வந்தவர் முப்பது ஆண்டுகள் குழாய் வேலை பார்த்தவர். அவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டதும், "அப்படியானால் குழாய் எங்கேயோ சாக்கடைக்குள் உடைந்திருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே ஓட்டை வழியாக வெளியிலுள்ளது உள்ளேயும் வரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும்வரை அது வெளியே பீச்சும். சாக்கடை நீர் உள்ளே வர முடியாது. தொட்டியின் வால்வை மூடியதும் அழுத்தம் போய்விடுகிறது. குழாயிலுள்ள மிச்சத் தண்ணீர் தாழ்ந்த வீடுகளை நோக்கி இறங்குகிறது. அந்த நேரத்தில் கீழ் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் உறிஞ்சிக்கொண்டே போகும். உறிஞ்சும் இடம் காற்றாக இருந்தால் காற்று வரும். சாக்கடையாக இருந்தால் சாக்கடை வரும். மறுபடி வால்வைத் திறக்கும்போது முதலில் வரும் அந்த ஒரு கை செந்நீர் துருவாக மட்டும்தான் இருக்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. ஆகவே நாள் முழுவதும் தண்ணீர் வரும் குழாயில் உள்ள ஓட்டையைவிட, விட்டு விட்டுத் தண்ணீர் வரும் குழாயில் உள்ள ஓட்டை ஆபத்தானது. தோட்டங்களில் பெரும்பாலும் நமக்கு வாய்ப்பது இரண்டாவது வகைதான்.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதலில் வாளிச் சோதனை. மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தோம். ஒரே வாளி, 10 லிட்டர் வாளி. ஒரு வீட்டில் சோதிக்கும்போது மற்ற பதினொரு வீடுகளிலும் குழாய் மூடியிருக்க வேண்டும். இதற்கு எல்லாரையும் இணங்க வைப்பதுதான் பெரும்பாடு! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இணங்கினார்கள். முதல் வீட்டில் வாளி நிரம்ப 50 வினாடி. இரண்டாம் வீட்டில் 53. ஆறாம் வீட்டில் 65. சாலையைக் கடந்து ஏழாம் வீட்டுக்குப் போனால் 140 வினாடி. அதற்குப் பிறகு எட்டு, ஒன்பது என்று கடைசி வீடு வரைக்கும் ஏறக்குறைய அதே 140, 145தான். அந்தப் பிள்ளை கணக்கை எழுதி முடித்துவிட்டு, "சார், ஆறாவது வீட்டுக்கும் ஏழாவது வீட்டுக்கும் நடுவுலதான் என்னமோ இருக்கு. அந்த அத்தை குழாயை மூடிட்டுத்தானே நிக்கிறாங்க?" என்றாள். இரண்டு மாதச் சண்டைக்கு ஒரு நோட்டுப் புத்தகப் பக்கம் பதில் சொல்லிவிட்டது.

ஆனால் வாளிச் சோதனை ஒன்றைச் சொல்லாது. தண்ணீர் குறைவது கசிவினாலா, அடைப்பினாலா? பழைய இரும்புக் குழாயின் உட்புறத்தில் துரு பிடித்துப் பிடித்து, ஓர் அங்குலக் குழாய்க்குள் விரல் நுழையும் இடம்கூட இல்லாமல் போவதுண்டு. இரண்டையும் பிரித்தறிய அழுத்தமானி என்ற சிறு கருவி உதவும். கடிகாரம் போல ஒரு முள் இருக்கும். அதைக் குழாயின் வாயில் திருகி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அடைப்பு தன் வேலையைக் காட்டாது. அடைப்புக்கு அப்பாலும் இப்பாலும் முள் ஒரே அளவில்தான் நிற்கும். கசிவு அப்படியல்ல. நாம் மூடினாலும் அது மூடாது. தண்ணீர் அங்கே ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்கு அப்பால் முள் தாழ்ந்தே நிற்கும். கருவி இல்லாதவர்கள் வேறு விதமாகப் பார்க்கலாம். எல்லாக் குழாய்களையும் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டுக் கடைசி வீட்டுக் குழாயைச் சட்டென்று திறந்து பாருங்கள். முதல் வீச்சு பலமாக வந்து பிறகு தளர்ந்தால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். முதலிலிருந்தே சோர்ந்து வந்தால் கசிவு. இது ஓரளவுக்குத்தான் சரியாக வரும். கருவி கிடைத்தால் கருவியையே நம்ப வேண்டும்.

மேட்டுத் தொட்டியைப் பற்றி ஒரு கணக்கு. தொட்டியின் நீர்மட்டம் நம் வீட்டுக் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்க வேண்டும். பழைய கணக்கில் சொன்னால் சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு. நாங்கள் பார்த்த இடத்தில் ஆறாம் வீட்டில் 0.9 இருந்தது, ஏழாம் வீட்டில் 0.5. கசிவு என்பது உறுதியாயிற்று.

அடுத்தது இரவுச் சோதனை. தோட்ட அலுவலகத்தில் சொல்லி, ஓர் இரவு மட்டும் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருக்க அனுமதி வாங்கினோம். இரவு பதினொரு மணிக்கு எல்லா வீட்டுக் குழாய்களும் மூடப்பட்டன. தொட்டியின் அடியில் இருந்த மீட்டரில் கணக்கைக் குறித்துக்கொண்டோம். மீட்டரில் கறுப்பு எண்கள் கனமீட்டரைக் காட்டும். சிவப்பு எண்கள் லிட்டர் கணக்கைக் காட்டும். பல மீட்டர்களில் முக்கோணம் போலவோ நட்சத்திரம் போலவோ ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அது சுற்றும். அன்று அது பம்பரம் போலச் சுற்றியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 900 லிட்டர் போயிருந்தது. ஒரு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் நான்கரை டிரம் தண்ணீர்! பிறகு ஏழாம் வீட்டைத் தாண்டி மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஒரு வால்வைத் தேடி எடுத்து மூடினோம். மீட்டர் அப்போதும் அதே வேகத்தில் ஓடியது. அப்படியானால் கசிவு அந்த வால்வுக்கு அப்பால் இல்லை. இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மீட்டர் எப்போது நிற்கிறது என்று பார்ப்பதுதான் பட்டணங்களிலும் தண்ணீர் வாரியத்தார் கையாளும் முறை.

மிச்சம் இருந்தது சாலையும் சாக்கடையும். நண்பர் ஒரு நீண்ட திருப்புளியை எடுத்து அதன் நுனியை வெளியே தெரிந்த குழாயின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்டார். எங்களையும் கேட்கச் சொன்னார். சட்டியில் எண்ணெய் காய்வது போன்ற ஓர் இரைச்சல். சாக்கடையை நெருங்க நெருங்க அது கூடியது. இரும்புக் குழாயில் இது நன்றாகக் கேட்கும். பிளாஸ்டிக் குழாயில் ஓசை வெகுதூரம் போகாது. கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். யாரும் துணி துவைக்காத, யாரும் குளிக்காத நள்ளிரவில் அந்தச் சாக்கடையில் தெளிந்த நீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. பகலில் சோப்பு நுரைக்கு அடியில் அதை யாரும் பார்த்திருக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியும் வேறு அடையாளங்களும் உண்டு. வெயில் காலத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பசேலென்று இருப்பது, சுவரடியில் பாசி படர்வது, மண் உள்வாங்கிக் குழியாவது, மழையில்லாமலே டிராக்டர் சக்கரம் புதைவது, இவற்றைப் பிள்ளைகள் நம்மைவிட முன்னால் கண்டுவிடுவார்கள். அவர்களைக் கேளுங்கள்.

வீட்டுக்குள் ஒழுகுவதைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. படுக்கப்போகும்போது மீட்டரைப் பார்த்து எழுதிவைத்துக் காலையில் யாரும் குழாயைத் தொடுமுன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிவறைத் தொட்டியில் கொஞ்சம் பலகாரச் சாயத்தைக் கலந்து அரை மணி நேரம் தண்ணீர் இழுக்காமல் விட்டுப் பாருங்கள். பீங்கானில் சாயம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய்கூட ஒரு நாளில் சுமார் 20 லிட்டரை வீணாக்கிவிடும். பெரும்பாலும் சில வெள்ளி விலையுள்ள வாஷர் ஒன்றை மாற்றினால் போதும். 3 மில்லிமீட்டர் துளை அற்பமாகத் தோன்றும். 10 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் அதன் வழியாக ஒரு நாளில் 5,000 லிட்டர் போய்விடும். நம்முடைய டிரம் கணக்கில் இருபத்தைந்து டிரம்!

மறுநாள் தோண்டினார்கள். தோண்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள மண்ணையும் சேற்றையும் அகற்றும்வரை வால்வை முழுவதும் மூடிவிடக் கூடாது. கொஞ்சமாகத் திறந்தே வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வெளியே வந்துகொண்டிருந்தால் சேறு உள்ளே போகாது. பள்ளத்தைக் குழாய்க்குக் கீழே ஒரு முழமாவது ஆழமாக்கி, தேங்கும் நீரை இறைத்துவிட்டு, அதன்பிறகே மூட வேண்டும். சாக்கடையின் மேற்பக்கத்தை மண்மூட்டையால் அடைத்து நீரைத் திருப்பிவிடுவதும் அவசியம்.

உள்ளே கண்டது என்ன தெரியுமா? முன்பு எப்போதோ இரும்புக் குழாய் உடைந்தபோது யாரோ அவசரத்துக்கு அரை அங்குலக் கறுப்பு பாலி பைப்பை நடுவில் செருகி, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருக்கிறார்கள். டிராக்டர் போய்வந்து, கீழ்ப்பக்கத்துக் கட்டு நெகிழ்ந்து, சாக்கடைக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. குழாயும் ஒடுக்கம், கட்டும் ஒழுகல். கீழ் லயத்துக்கு எப்படித் தண்ணீர் வரும்?

டியூப் கட்டுவதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. இரவில் குழாய் வெடித்தால் ரப்பரைச் சுற்றி இரண்டு கிளிப்பை இறுக்கி நிறுத்துவது நல்ல முதலுதவி. புண்ணுக்குப் போட்ட கட்டை ஆண்டுக்கணக்கில் அவிழ்த்துப் பார்க்காமல் மண்ணுக்குள் புதைத்தால்தான் தவறு.

நிலையான பழுதுபார்ப்பு குழாயின் வகையைப் பொறுத்தது. இரும்புக் குழாய் என்றால் துருப்பிடித்த துண்டை நல்ல இரும்பு தெரியும்வரை அறுத்தெடுத்து, முனைகளில் மரை வெட்டி, புதுத் துண்டை யூனியன் வைத்து இணைக்க வேண்டும். மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு வந்துவிடும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பழைய வீடுகளில் மின்சாரத்தின் நிலக்கம்பியை இரும்புக் குழாயோடு இணைத்திருப்பார்கள். குழாயை அறுக்கும்போது மின்தாக்கு ஏற்படலாம். முதலில் வீடுகளின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.வி.சி. குழாய் என்றால் நேராக அறுத்து, பிசிரைச் சுரண்டி, ஈரமில்லாமல் துடைத்து, குழாயின் வெளிப்புறத்திலும் இணைப்பின் உட்புறத்திலும் பசை தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஒட்டாது. ஒட்டியவுடன் தண்ணீரைத் திறந்தாலும் நிற்காது. எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்று பசை டின்னிலேயே போட்டிருக்கும். அழுத்தம் உள்ள குழாய்க்கு ஒரு முழு நாள் விட்டால் நல்லது. அந்த ஒரு நாளுக்குத் தேவையான தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான்!

கறுப்பு பாலி பைப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. பி.வி.சி. பசையைத் தடவிவிட்டு 'ஒட்டிவிட்டது' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதற்கென்று நெரித்துப் பிடிக்கும் இணைப்புகள் கடையில் கிடைக்கின்றன. வளையம், ரப்பர், திருகு மூடி மூன்றும் இருக்கும். குழாயை நேராக வெட்டி, முனையைக் கத்தியால் லேசாகச் சீவி, அடிவரைக்கும் தள்ளி மூடியை இறுக்கினால் போதும்.

சாம்பல் நிறத்தில், சிமெண்டு போல இருக்கும் பழைய பெரிய குழாய்களைக் கண்டால் கை வைக்காதீர்கள். அவற்றில் கல்நார் கலந்திருக்கும். அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நிர்வாகத்திடம் சொல்லி, முறை தெரிந்தவர்களை வரவழைக்க வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் பாலி பைப்பை எடுத்துவிட்டு, சாக்கடைக்கு அடியில் போகவிடாமல் மேலே தூக்கி, புதிய ஓர் அங்குலக் குழாயைப் பெரிய இரும்புக் குழாய் ஒன்றின் உள்ளே செலுத்திச் சாலையைக் கடக்கவிட்டார்கள். டிராக்டரின் பாரத்தை வெளிக்குழாய் தாங்கிக்கொள்ளும். செலவை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது, தோண்டியது இளைஞர்கள்.

வேலை முடிந்தது என்று உடனே மண்ணைத் தள்ளி மூடிவிடக் கூடாது. பள்ளத்தைத் திறந்துவைத்தே சோதிக்க வேண்டும். முதலில் கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து, காற்று முழுவதும் போகும்வரை தண்ணீரை ஓடவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மூடி அழுத்தம் ஏற்ற வேண்டும். குழாய் வேலை செய்பவர்களிடம் கையால் அடிக்கும் சோதனைப் பம்பு இருக்கும். வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பம்பு இல்லாவிட்டால் நண்பர் செய்தது போலச் செய்யலாம். ஒவ்வொரு இணைப்பையும் துணியால் நன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக்கூடக் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்து அவிழ்த்தபோது ஒரு காகிதத்தில் மட்டும் ஐம்பது காசு அளவுக்கு ஈரம். அந்த மரையை இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். அதன்பிறகு மணலை முதலில் கொட்டி, மேலே மண் போட்டு மூடினார்கள். கல்லைக் குழாயின்மேல் நேராகப் போட்டால் அடுத்த ஓட்டைக்கு இன்றே வழி செய்துவிட்டதாகும்.

துப்புரவுதான் பலர் விட்டுவிடும் காரியம். புதிய துண்டுகளை இணைக்குமுன் உள்ளும் புறமும் குளோரின் நீரால் துடைக்க வேண்டும். வாசனை சேர்க்காத வீட்டுக் குளோராக்ஸ் போன்றது 5 விழுக்காடு வலுவுள்ளதாக இருந்தால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் துடைக்கப் போதுமானது. கலவை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயை மூடியபின், தண்ணீர் தெளிவாக வரும்வரை ஒவ்வொரு வீட்டிலும் ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகும் சில நாட்களுக்குக் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். லேசாகச் சூடாக்கினால் போதாது. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதை எப்போதும் கடைப்பிடிப்பது நல்லது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். குழாயைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் கீழ் லயத்துக் குழந்தைகளின் நோய்க்கு அந்த ஓட்டைதான் காரணம் என்று நாங்கள் சத்தியம் செய்ய மாட்டோம். தண்ணீரை யாரும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்கும் சிலர், "இது நம்ம வேலையா? தோட்டத்து வேலைதானே?" என்று நினைக்கலாம். நியாயமான கேள்வி. தீபகற்ப மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1966ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் 446ஆம் சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தப்பட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுப்பதும், கட்டடங்களை நல்ல நிலையில் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்கிறது அந்தச் சட்டம். ஆகவே பெரிய குழாயைப் பழுதுபார்க்கும் செலவு நம்முடையதன்று. ஆனால் கோளாறு எங்கே என்று காட்டுவது நமக்குத்தான் எளிது. ஏனென்றால் அதோடு வாழ்பவர்கள் நாம்.

'தண்ணீர் வரவில்லை' என்று அலுவலகத்தில் வாயால் சொன்னால் கிராணி தலையாட்டுவார், மறந்தும் போவார். எத்தனை வீடு, எந்தத் தேதி, எந்த வீட்டில் வாளி எத்தனை வினாடியில் நிரம்பியது, இரவில் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அதே பிரதியைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ காட்டலாம். கணக்கை மறுத்துப் பேசுவது எவருக்கும் கடினம். அந்தத் தோட்டத்து நிர்வாகி நல்லவரா கெட்டவரா என்று நாங்கள் ஆராயவில்லை. 'மணிக்கு 900 லிட்டர்' என்ற வரியைப் படித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார் என்பது மட்டும் தெரியும். தண்ணீர்க் கட்டணம் அவர் கணக்கில் அல்லவா போகிறது!

நாடு முழுவதற்குமே இந்தத் தலைவலி இருக்கிறது. மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பப்படும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கசிவாலும் திருட்டாலும் மீட்டர் கோளாறாலும் கணக்கில் வராமல் போகிறது. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவுதான்.

குழாயை மூடிய மறுநாள் காலை அந்த மாணவி மறுபடி வாளியோடு புறப்பட்டாள். ஏழாம் வீட்டில் 66 வினாடி. பன்னிரண்டாம் வீட்டில் 74. ஆறாம் வீட்டு அம்மா தன் சலவை இயந்திரத்தை ஓடவிட்டு, "இப்பப் பாரும்மா" என்றார். பன்னிரண்டாம் வீட்டில் 90 வினாடி ஆயிற்று. அதாவது அவரால் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் கீழ் லயம் காய்ந்துபோகும் அளவுக்கு அல்ல. அந்தக் கணக்கையும் பிள்ளை மறைக்காமல் எழுதிவைத்தாள். காலை ஐந்திலிருந்து ஆறு வரை இயந்திரத்தை ஓடவிடுவதில்லை என்று அந்த அம்மா தாமாகவே சொல்லிவிட்டார். ஏழாம் வீட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. மாலையில் ஒரு தட்டில் பலகாரம் மட்டும் சாலையைக் கடந்து போனதாகக் கேள்விப்பட்டோம்.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இளைஞர்கள் ஒரு படம் வரைந்திருக்கிறார்கள். தொட்டி, இரண்டு லயங்கள், குழாய் போகும் வழி, புதைந்து கிடந்த வால்வு, புதிய இணைப்பு இருக்கும் இடம், சுவரிலிருந்து அதற்கு எத்தனை அடி, எல்லாம் அதில் இருக்கிறது. பாலர் பள்ளிச் சுவரில் அதை ஒட்டிவைத்து, பக்கத்தில் ஓர் ஆணியில் வால்வைத் திறக்கும் சாவியையும் மாட்டியிருக்கிறார்கள்.